முன்னறிவித்தது கலையா? 'திரௌபதி' நாடகமும் காங்லா வாயில் போராட்டமும்

மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' சிறுகதையை ஹெய்ஸ்னாம் கன்ஹையாலால் 2000ஆம் ஆண்டில் மணிப்பூரில் நாடகமாக்கினார். காவலில் கூட்டு வன்கொடுமைக்கு உள்ளான சந்தால் பெண் தோப்தி, ஆடை அணிய மறுத்துப் படை அதிகாரியின் முன் நிற்கிறாள். இந்த இறுதிக் காட்சியில் சாபித்ரி மேடையிலேயே ஆடை களைந்தார். அது அங்குக் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அசாம் ரைபிள்ஸ் படையினர் கைதுசெய்த மனோரமா கொல்லப்பட்டதைக் கண்டித்து, 2004 ஜூலை 15 அன்று இம்பாலின் காங்லா கோட்டை வாயிலில் பன்னிரண்டு பெண்கள் ஆடை களைந்து நின்றனர். இவ்விரண்டையும் இணைத்து, கலை வாழ்வை முன்னறிவித்ததாகக் கூறும் வாசிப்பு பரவலாக உள்ளது. அது மறுபரிசீலனைக்குரியது.

இரு நிகழ்வுகளிலும் உடலே குற்றச்சாட்டாகிறது என்பது உண்மை. ஆயினும் அவற்றின் அமைப்பு வேறு. பாரதத்துத் திரௌபதிக்குக் கண்ணன் துணைநின்றான், தோப்திக்கு எவருமில்லை. அத்தனிமையே கதையின் ஆற்றல். காங்லா வாயிலில் நின்றவர்களோ தம்மை மனோரமாவின் தாய்மார்களாக அறிவித்துக்கொண்ட பெண்கள். இரவில் தீப்பந்தம் ஏந்தி ஊர்காத்த மெய்ரா பைபி இயக்கமும், அதற்கு முன்னர் 1904, 1939ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த நுபி லான் எனும் பெண்கள் போராட்டங்களும் அவர்களுக்குப் பின்புலமாக இருந்தன. இவ்வரலாற்றைக் கருதாமல் அப்போராட்டத்தை மேடையின் எதிரொலியாக வாசிப்பது, பெண்களின் நெடுங்கால அமைப்புப் பணியை மறைத்துவிடுகிறது.

இவ்வேறுபாடு அறம் சார்ந்ததுமாகும். தோப்தியின் நிமிர்வை மட்டுமே எதிர்ப்பின் இலக்கணமாகக் கொண்டால், வன்கொடுமையிலிருந்து மீண்ட ஒவ்வொரு பெண்ணும் தன் காயத்தைப் பொதுவெளியில் காட்டவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு உருவாகும். பேசாதிருக்கும் உரிமையும் அவளுக்குண்டு. காங்லா வாயிலில் அச்சுமையைச் சமூகம் தன்மேல் ஏற்றுக்கொண்டது. அவமானம் பாதிக்கப்பட்டவளிடமிருந்து அதிகாரத்தின் பக்கம் திருப்பப்பட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் இம்பால் நகராட்சிப் பகுதியிலிருந்து விலக்கப்பட்டது. நவம்பரில் அசாம் ரைபிள்ஸ் காங்லாவை விட்டு வெளியேறியது. சட்டமோ நீக்கப்படவில்லை. கலை இப்போராட்டத்தை முன்னறிவித்தது என்பதைவிட, தோப்தியைத் தனியே நிற்கவிடாத ஒரு சமூகம் கதை முடிந்த இடத்திலிருந்து தொடர்ந்தது என்பதே பொருத்தமான வாசிப்பாகும்.