நூறு சதவீத டீ மாஸ்டர்

ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்தில், மாம்பழத்தோடு சேர்ந்து இன்னொன்றும் சீஸனுக்கு வரும். 'அதிவேகமாக வளரும் பத்து வேலைகள்!' பத்திரிகை இணைப்பு, காலேஜ் விளம்பரம், கல்விக் கண்காட்சி மேடை என்று எங்கே திரும்பினாலும் அந்தப் பட்டியல்தான். உத்திரமேரூர் பக்கம் நெல் விளைவிக்கும் ஒரு குடும்பம், பிள்ளையின் கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போடும்முன் நம்பிப் பார்ப்பதும் அதைத்தான். அதனால் அதைக் கொஞ்சம் உரசிப் பார்ப்பதில் தப்பில்லை.

பி.காம். படித்தவனிடம் பெரிய வித்தை எதுவும் கிடையாது. யாராவது சதவீதம் சொன்னால் 'எத்தனையில்?' என்று கேட்பான். அவ்வளவுதான். ஒரு டீக்கடையில் ஒரு மாஸ்டர். கூட்டம் தாங்கவில்லை என்று இன்னொருத்தரைச் சேர்க்கிறார்கள். ஆச்சு, அந்தக் கடையில் டீ மாஸ்டர் வேலை நூறு சதவீதம் வளர்ந்துவிட்டது! இதை நம்பி ஊரில் நூறு பேர் டீ ஆற்றக் கற்றுக்கொண்டால், மிச்சம் தொண்ணூற்றொன்பது பேர் கதி?

இந்த மாதிரிப் பட்டியல்களுக்கெல்லாம் மூத்த அண்ணன், அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் பட்டியல். 2024-லிருந்து 2034 வரைக்குமான கணிப்பில் முதலிடம் காற்றாலை டெக்னீஷியனுக்கு. 50 சதவீத வளர்ச்சி. ஆனால் தலையை எண்ணினால், அவ்வளவு பெரிய தேசத்தில், பத்து வருஷத்தில் கூடப்போவது சுமார் 6,800 வேலை. அதே துறையின் கணக்கில், முதியவர்களையும் நோயாளிகளையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் உதவியாளர் வேலை வெறும் 17 சதவீதம்தான் வளர்கிறது. எண்ணிக்கையில்? ஏறக்குறைய 7 லட்சத்து 40 ஆயிரம்!

சரி, சம்பளம்? 2024 கணக்குப்படி காற்றாலைக்காரருக்கு வருஷத்துக்கு 62,000 டாலருக்கு மேல். வீட்டு உதவியாளருக்கு 35,000 டாலருக்குள். ஆக, சம்பளம் இருக்கிற இடத்தில் நாற்காலி குறைவு. நாற்காலி நிறைய இருக்கிற இடத்தில் சம்பளம் குறைவு. இரண்டுமே மீடியன் கணக்கு. அதாவது, எல்லோரையும் சம்பளப்படி வரிசையாக நிற்கவைத்தால் நட்டநடுவில் நிற்பவர் வாங்குவது. நம் ஊர் விளம்பரங்களில் வருவதோ, அந்த வரிசையின் கடைக்கோடியில் நிற்கும் ஒரே ஒருத்தரின் சம்பளம். கோட் சூட் போட்ட போட்டோவோடு.

உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையும் இதே கதைதான். 2030-க்குள் 17 கோடி புது வேலைகள் வரும், 9.2 கோடி வேலைகள் போகும் என்கிறார்கள். சதவீதத்தில் முந்துவது பிக் டேட்டா நிபுணர். எண்ணிக்கையில் முந்துவது யார் தெரியுமா? விவசாயத் தொழிலாளி! அடுத்தடுத்து டெலிவரி டிரைவர், கட்டடத் தொழிலாளி எல்லாம் வருகிறார்கள். முதல் பட்டியலுக்குக் கோர்ஸ் உண்டு, ஃபீஸ் உண்டு, விளம்பரம் உண்டு. இரண்டாவதை வைத்து யார் ஃபீஸ் வாங்க முடியும்? அதனால்தான் அது மேடை ஏறுவதில்லை.

எண்ணிக்கையும் சம்பளமும் ஒழுங்காகவே இருந்தாலும் மூன்றாவதாக ஒரு கேள்வி பாக்கி. எத்தனை நாளைக்கு?

இதற்கு அமெரிக்கா போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் போதும். 2006 ஜனவரியில் அங்கே நோக்கியா செல்போன் தயாரிக்க ஆரம்பித்தது. ப்ளஸ் டூ, டிப்ளமா முடித்த ஆயிரக்கணக்கான கிராமத்துப் பிள்ளைகளுக்கு, அதிலும் நிறையப் பெண்களுக்கு, முதல் சம்பளத்தைக் கொடுத்த தொழிற்சாலை அது. ஊருக்குள் கம்பெனி பஸ் வந்ததைக் குறை சொல்ல மாட்டேன். பல வீடுகளில் அடுப்பெரிந்தது அதனால்தான். ஆனால் 2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்தத் தொழிற்சாலை மட்டும் தனியே விடப்பட்டது. அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது.

முழுசாக ஒன்பது வருஷம்கூட ஆகவில்லை. பதினெட்டு வயசில் சேர்ந்த பெண்ணுக்கு அப்போது வயசு இருபத்தாறு, இருபத்தேழு. கையில் இருப்பது அசெம்ப்ளி லைனில் ஒரு இடத்தில் நின்று செய்த வேலையின் அனுபவம். அதற்கு வேறெங்கே கிராக்கி? செல்போன் தயாரிப்பு வேகமாக வளரும் என்று 2006-ல் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. வளரத்தான் செய்தது. வேகத்தைச் சொன்னார்கள், ஆயுளைச் சொல்லவில்லை.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு ஆயுளைச் சொல்லும் பழக்கம் புதுசில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பதவிகள். வயசு 35-லிருந்து 70-க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். பதவிக்காலம் 360 நாள். நிலமில்லாதவனுக்கு அதில் இடமே இல்லை, அதைப் புகழவும் வரவில்லை. ஆனால் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை, எத்தனை நாளைக்கு என்று மூன்றையும் மழுப்பாமல் கல்லில் வெட்டி வைத்தார்கள். நம் இணைப்பிதழ்களில் மூன்றுமே கிடையாது.

அந்தக் கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அமெரிக்கத் துறையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும். தன் பழைய கணிப்புகள் எவ்வளவு பலித்தன, எவ்வளவு தவறின என்று அதுவே சரிபார்த்து வெளியிடுகிறது. நம் ஊரில் ஒவ்வொரு மே மாசமும் புதுப் பட்டியல் வருகிறது. பழைய பட்டியல் என்னாச்சு என்று யாரும் கேட்பதில்லை. அதை நம்பிப் படித்தவன் மட்டும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான்.

அடுத்த முறை மைக்கைப் பிடித்து யாராவது 'டாப் டென்' என்று ஆரம்பித்தால், மரியாதையாக எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேளுங்கள்: "சார், பத்து வருஷத்துக்கு முன்னாடி நீங்க போட்ட பட்டியல் கைவசம் இருக்குங்களா?"