பனிக்காட்டில் இல்லாத சிவப்பு அட்டை

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் என்று சொன்னதும் இலக்கிய நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: "எரியும் பனிக்காடு படிச்சிட்டியா? உங்க கதைதான் அது." இரண்டு முறை படித்துவிட்டேன். எங்க கதைதான் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வால்பாறைப் பக்கம் தோட்ட மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, 1969ல் வெளிவந்த 'ரெட் டீ'யின் தமிழ் வடிவம் இது. மொழிபெயர்த்தவர் இரா. முருகவேள். மேஸ்திரியின் பேச்சை நம்பி மலையேறும் கருப்பனும் வள்ளியும் முன்பணக் கடனில் சிக்குகிறார்கள். கணக்கு தீராமல் ஊர் திரும்ப முடியாது. மருத்துவர் எழுதியதால் காய்ச்சலும் சாவும் அவ்வளவு துல்லியம். நாவலின் பலமே அதுதான். மழையில் நனைந்து கொழுந்து கிள்ளும் இடங்களில் என் பாட்டியின் விரல்களைப் பார்த்தேன்.

ஆனால் கருப்பனின் ஊர் எவ்வளவு தூரமானாலும் அதே நாட்டில்தான் இருக்கிறது. கடன் தீர்ந்தால் மலையிறங்கலாம். எங்க தாத்தாவைப் பிரித்தது கடன் இல்லை, அடையாள அட்டை. நாவல் வெளியான அதே 1969ல்தான் இங்கே குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கெடுபிடி வந்தது. பாட்டியிடம் நீல அட்டை, தாத்தாவிடம் சிவப்பு. பெர்மிட் கிடைக்காமல் தாத்தா நாமக்கல்லுக்குக் கிளம்பினார். "ஆறு மாசத்துல வந்துடுறேன்" என்றாராம். வரவில்லை. என் அப்பாவுக்கு அப்பா என்றால் ஏர்மெயில் கடிதம்தான்.

இலங்கை மலையகத்தில் நடந்ததற்கு 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் என்று பெயராவது இருக்கிறது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையெண்ணிப் பிரித்தார்கள். இங்கே அப்படி ஒரு ஒப்பந்தமும் இல்லை. ஒவ்வொரு பெர்மிட்டாக, ஒவ்வொரு வீடாக நடந்தது.

இது நாவலின் குறை இல்லை. அது சொல்ல வந்தது 1920களின் ஆனைமலையை. குறை நம் வாசிப்பில். தோட்டக் கொடுமை என்றால் அடி, காய்ச்சல், கங்காணி என்றே பழகிவிட்டோம். வரிசையில் நின்று வாங்கும் ஒரு தாள் வீட்டை இரண்டாக்குவது நமக்குக் கதையாகவே தெரிவதில்லை.

இன்று அதே லயங்களில் வங்காளதேசத்துக்காரர்களும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். வேலை முடிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து வீடியோ காலில் பிள்ளைகளோடு பேசுகிறார்கள். அவர்கள் கையிலும் பெர்மிட்தான். எங்க தோட்டத்தின் கதையை யாராவது எழுத நினைத்தால், அந்தப் படியிலிருந்தே தொடங்கலாம்.