கெஞ்சாத குரல்: சிந்த்பாப் மறுபாடல்கள்

1981 செப்டம்பரில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த ‘டெயின்டட் லவ்’ புதுப்பாடல் கிடையாது. எட் காப் எழுதி, குளோரியா ஜோன்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகி 1964இல் பாடிப் பதிவுசெய்த பாடல் அது. மறுவருடம் ஓர் இசைத்தட்டின் பி பக்கத்தில் வெளியாகி, வந்த சுவடே தெரியாமல் போயிற்று. எழுபதுகளில் வடக்கு இங்கிலாந்தின் ஆலை நகரங்களில், விகன் கேசினோ போன்ற நடன அரங்குகளில்தான் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. அமெரிக்காவில் விலைபோகாத சோல் இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, விடிய விடிய ஆடிய உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளின் உலகம் அது. ‘நார்தர்ன் சோல்’ என்று அதற்குப் பெயர். அந்த இசையைக் கேட்டு வளர்ந்த டேவ் பாலும், லீட்ஸ் பாலிடெக்னிக்கில் அவரோடு படித்த மார்க் ஆல்மண்டும் ‘சாஃப்ட் செல்’ என்ற இரண்டு பேர் குழுவாகி இந்தப் பாட்டைக் கையில் எடுத்தார்கள்.

அவர்கள் எதையெல்லாம் கழற்றினார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மூலத்தில் ஊதுகருவிகள், கிதார், டிரம்ஸ், பின்பாட்டு எல்லாம் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு ஓடுகின்றன. சாஃப்ட் செல் பதிவில் அந்த வாத்தியங்களில் ஒன்றுகூட இல்லை. வேகம் குறைந்தது. ஆல்மண்டின் தாழ்ந்த குரலுக்கு ஏற்பச் சுருதி மாறியது. மிச்சம் நின்றவை சிந்தசைசரில் ஒரு பேஸ், அசைந்து கொடுக்காத ஓர் எந்திரத் தாளம், வரிகளுக்கு நடுவே இரண்டு இரண்டாக விழும் மின்னொலித் தட்டல்கள். தயாரிப்பாளர் மைக் தார்ன் ஒன்றரை நாளில் பதிவை முடித்தார். ஆல்மண்ட் முதல் முறை பாடியதே இசைத்தட்டில் இருக்கிறது. சுருதியில் அங்கங்கே தடுமாறும் அந்தக் குரலைத் திருத்தாமல் விட்டதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இதனால் பாட்டுக்கு என்ன ஆயிற்று? இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் தெரியும். உன்னை விட்டுப் போகிறேன் என்று சொல்லும் பாட்டு இது. குளோரியா ஜோன்ஸ் பாடும்போது வாத்தியங்களே அவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதால், பாட்டு முடிவதற்குள் அந்தப் பெண் தெருவைக் கடந்திருப்பாள் என்று நம்புகிறோம். ஆல்மண்ட் அதே சொற்களைப் பாடுகிறார். அவருக்குக் கீழே எந்திரம் நின்ற இடத்திலேயே நின்று தட்டிக்கொண்டிருக்கிறது. போகிறேன் போகிறேன் என்கிறவன் போகப் போவதில்லை. ஒரு சொல்லையும் மாற்றாமல், விடுதலைப் பாட்டு சிறைப்பட்டவனின் பாட்டாகிவிட்டது.

நான்கு வருடம் கழித்து, 1985இல், ‘காயில்’ என்ற லண்டன் குழு இதே பாட்டை இழவு வீட்டு நடையில் இழுத்துப் பாடியது. வருமானம் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக இயங்கிய டெரன்ஸ் ஹிகின்ஸ் அறக்கட்டளைக்குப் போயிற்று. காதலில் ஏறிய கறை என்று 1964இல் எழுதப்பட்ட சொல்லுக்கு இப்போது ரத்தத்தில் ஏறிய நோய் என்று பொருள் வந்துவிட்டது. ஒரே குறளுக்கு மணக்குடவர் ஒரு பொருளும் பரிமேலழகர் இன்னொரு பொருளும் சொல்வதுபோல் மூன்று பதிவுகளும் மூன்று உரைகள். பிறர் பாட்டைப் புதிதாகப் பாடும் நல்ல மறுபாடல் மூலத்துக்கு எழுதப்படும் உரை என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. அதிலும் சிந்தசைசர்களை மையமாகக் கொண்ட சிந்த்பாப் இசையின் மறுபாடல்கள் இவ்வளவு தனித்து நிற்பதற்கு அந்தக் கருவிகளின் இயல்பே பாதிக் காரணம்.

எழுபதுகளில் இளைஞர்கள் கைக்கு எட்டிய சிந்தசைசர்களில் பல, ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்கக்கூடியவை. பத்து விரல்களையும் வைத்து அழுத்தினாலும் ஒற்றை ஒலிதான் வரும். ஆகவே முப்பது பேர் வாசித்த பழைய பாட்டொன்றை எடுத்தால் அதன் எலும்பை மட்டும் பொறுக்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் வந்தது. தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் 1964இல் ரைச்சஸ் பிரதர்ஸுக்காக ஒலிமேல் ஒலி அடுக்கிக் கட்டிய ‘யூ’வ் லாஸ்ட் தட் லவ்வின் ஃபீலின்’ பாடலை, ஷெஃபீல்டின் ஹ்யூமன் லீக் 1979இல் சிந்தசைசர்களை மட்டும் வைத்துக்கொண்டு பாடியது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன், பாதிக்கு மேல் இழுவை. ஆனால் அந்தப் பெரும் கட்டடத்தை இடித்த பிறகும் மெட்டு தனியாக நிற்கிறது என்று அது காட்டிவிட்டது.

இன்னொரு காரணம் டிரம் மெஷின். மனிதர்கள் சேர்ந்து வாசிக்கும்போது, பாடுகிறவர் உருகினால் தாளமும் கொஞ்சம் தளரும். பல்லவி வந்தால் கொஞ்சம் முந்தும். எந்திரம் அப்படி யாருக்காகவும் இரங்காது. அதனால் பாடகர் ஒரு நூலிழை தாமதித்தாலும் முந்தினாலும் நம் காதுக்கு அப்பட்டமாகத் தெரிகிறது. சிந்த்பாப்பில் உணர்ச்சி இல்லை என்று குறை சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. உணர்ச்சி முழுவதும் குரலின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது; அதற்குத் துணைக்கு யாரும் இல்லை.

அந்தக் குரலிலிருந்தும் உணர்ச்சியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சிலர் சோதித்துப் பார்த்தார்கள். பாரெட் ஸ்ட்ராங் 1959இல் தொண்டை கிழியப் பாடிய ‘மணி’ பாடலை, டேவிட் கன்னிங்ஹாமின் ஃப்ளையிங் லிஸார்ட்ஸ் 1979இல் வெளியிட்டது. பியானோவுக்குள் சாமான்களைப் போட்டு வாசித்த தகரடப்பா ஓசைக்கு மேல், டெபோரா எவன்ஸ் ஒரு சீமாட்டியின் உச்சரிப்பில், பாடாமல் பேசுகிறார். இதைச் சிந்த்பாப்பின் வேலிக்குள் அடைப்பது கடினம். ஆனாலும் அதே பள்ளியின் பிள்ளைதான். ஸ்ட்ராங்கிடம் பணம் என்பது இல்லாதவனின் வெறி. டெபோராவிடம் அது ஏற்கெனவே வைத்திருப்பவளின் சாதாரணக் கோரிக்கை. மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வந்த வருடத்தில் பிரிட்டிஷ் ரசிகர்கள் அதை ஐந்தாம் இடம்வரை ஏற்றினார்கள். மியூட் இசைத்தட்டு நிறுவனத்தின் டேனியல் மில்லர் அதே காலத்தில் ‘சிலிக்கான் டீன்ஸ்’ என்று இல்லாத ஒரு குழுவைக் கற்பனை செய்து, சக் பெர்ரி காலத்து ராக் அண்ட் ரோல் பாடல்களை சிந்தசைசரில் வாசித்தார். கேட்க உற்சாகமாக இருக்கும். மனதில் அவ்வளவாகத் தங்காது.

ஜப்பானில் நடந்தது இதைவிடப் பெரிய காரியம். அமெரிக்கரான மார்ட்டின் டென்னி 1959இல் வெளியிட்ட ‘ஃபயர்கிராக்கர்’ ஒரு வாத்திய இசை. ஆசியாவைத் தூரத்தில் இருந்து கற்பனை செய்து, ஓட்டல் விருந்தினர்களுக்காகச் செய்த கீழ்த்திசைச் சரக்கு என்றே சொல்லலாம். ஹருவோமி ஹோசோனோ அதை மின்னணுக் கருவிகளில் டிஸ்கோவாக வாசித்து உலகத்துக்கே விற்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் ரியூச்சி சகாமோட்டோவையும் யுகிஹிரோ தகாஹாஷியையும் சேர்த்து ‘எல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா’வை உருவாக்கினார். 1978இல் வந்த முதல் ஆல்பத்தில் அந்த இசை இருக்கிறது. ரோலண்ட் எம்.சி-8 என்ற கருவியில் சுரங்களை எண்களாகத் தட்டச்சு செய்து ஏற்ற வேண்டும். அந்த வேலைக்கென்றே ஹிதேகி மட்சுடகே உடன் இருந்தார். உங்கள் கற்பனையில் நாங்கள் இப்படித்தான் ஒலிக்கிறோமா, அதையே எங்கள் ஊர் எந்திரத்தில் வாசித்து உங்களுக்கே திருப்பி அனுப்புகிறோம் என்று ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிவிட்டார்கள். பாடல் வரி இல்லாமலேயே மறுபாடல் பொருள் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எந்திரத்தின் மேல் எப்போதும் குளிர்ந்த குரல்தான் அமர வேண்டும் என்றும் விதி இல்லை. ஹ்யூமன் லீக்கை விட்டு விலகிய மார்ட்டின் வேர், அமெரிக்க நிறுவனங்கள் பழைய ஆள் என்று ஒதுக்கிவைத்திருந்த டினா டர்னரை அழைத்து, ஆல் கிரீனின் ‘லெட்ஸ் ஸ்டே டுகெதர்’ பாடலை 1983இல் பாடவைத்தார். ஆல் கிரீன் மெல்லக் கொஞ்சுவார். டினா ஆரம்பத்தில் சிந்தசைசர் ஒலிகளுக்கு நடுவே தனியாக நின்று, அடிபட்டு மீண்டவரின் அடக்கத்தோடு தொடங்கி, பிறகு கட்டவிழ்கிறார். ‘பிரைவேட் டான்சர்’ ஆல்பத்துக்கும் அவருடைய இரண்டாம் வாழ்வுக்கும் வாசல் திறந்தது இந்தப் பாட்டுதான்.

தோற்றுப்போன மறுபாடல்களைப் பற்றி நிறைய எழுதத் தேவையில்லை. பழைய பாட்டின் அடியில் நாலு தட்டுத் தாளம் ஒன்றைச் செருகி, மற்றதெல்லாம் இருந்தபடியே விட்டவை அவை. நம் ஊரில் பழைய சினிமாப் பாடல்களின் ரீமிக்ஸ் கேட்டு எரிச்சல்பட்டவர்களுக்கு அந்தக் கசப்பு புரியும். சேர்த்தார்களே ஒழிய எதையும் எடுக்கவில்லை. பாட்டைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை. எதிர்த்திசையில் நடந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் 1982இல் துள்ளும் சிந்தசைசர்களோடு பாடிய ‘மேட் வேர்ல்ட்’ பாடலை மைக்கேல் ஆண்ட்ரூஸும் கேரி ஜூல்ஸும் பெரும்பாலும் பியானோவை மட்டும் வைத்துப் பாட, அது 2003இல் பிரிட்டனின் கிறிஸ்துமஸ் காலத்து முதலிடத்தைப் பிடித்தது. கருவி எதுவானாலும் கழித்தல் ஒன்றுதான்.

பெட் ஷாப் பாய்ஸைப் பற்றி மட்டும் நிதானமாகப் பேச வேண்டும். அந்தக் குழுவின் நீல் டெனன்ட், கிறிஸ் லோ இருவரும் சொந்தப் பாடல்களிலேயே பெரியவர்கள். 1987 ஆகஸ்டில், எல்விஸ் பிரெஸ்லி இறந்து பத்து ஆண்டு நிறைவுக்காக ஐ.டி.வி. தயாரித்த நிகழ்ச்சியில் ‘ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்’ பாடினார்கள். எல்விஸ் அதை 1972இல், மனைவி பிரிசில்லாவைப் பிரிந்த சில வாரங்களில் பதிவுசெய்திருந்தார். வில்லி நெல்சன் 1982இல் கண்ணீர் மல்கப் பாடினார். கவனிக்காமல் விட்ட காதலியிடம் மன்னிப்புக் கேட்கும் பாட்டு. டெனன்ட் கெஞ்சவில்லை. முகம் மாறாமல், தகவல் தெரிவிப்பவர்போல் பாடுகிறார். வேகமான தாளமும் வெற்றி ஊர்வலம்போல முழங்கும் சிந்தசைசர்களும் சூழ்ந்திருக்க, செய்யாமல் விட்டவற்றை அவர் வரிசையாகச் சொல்லச் சொல்ல, இவன் உண்மையிலேயே வருந்துகிறானா என்ற சந்தேகம் நமக்கு வருகிறது. பல்லவியின் முடிவில் இன்னும் நுட்பமான ஒரு வேலை இருக்கிறது. மூலத்தில் கடைசிச் சொல் வந்ததும் இசை தன் வீட்டுச் சுரத்தில் போய் அமைதியாக அமர்ந்துவிடும். இவர்கள் அங்கே அமரவிடாமல் மேலும் இரண்டு சுரக்கூட்டுகளைச் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். மன்னிப்பு கிடைத்துவிட்டது என்ற நிம்மதி கேட்பவருக்கு வருவதற்குள் பாட்டு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அதுவே பிரிட்டனில் முதலிடம். 2014இல் பி.பி.சி. நடத்திய வாக்கெடுப்பில் எல்லாக் காலத்துக்குமான சிறந்த மறுபாடலாகவும் தேர்வாயிற்று.

என் தேர்வு அதுவும் இல்லை. 1979இல் வில்லேஜ் பீப்பிள் பாடிய ‘கோ வெஸ்ட்’, ஒருபாலீர்ப்பு ஆண்களின் கனவு நகரமாக இருந்த சான் ஃபிரான்சிஸ்கோவை நோக்கி அழைக்கும் கொண்டாட்டப் பாட்டு. 1992இல் இயக்குநர் டெரக் ஜார்மன், மான்செஸ்டரின் ஹாசியெண்டா அரங்கில் எய்ட்ஸ் நிதிக்காக நடந்த நிகழ்ச்சிக்குப் பெட் ஷாப் பாய்ஸை அழைத்தபோது, அவர்கள் அங்கே இதைப் பாடினார்கள். ஜார்மனே அந்த நோயோடு வாழ்ந்துகொண்டிருந்தவர், 1994இல் இறந்தார். அந்தப் பாட்டின் அழைப்பை ஏற்று சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் உயிரோடு இல்லை. 1993இல் வெளியான பதிவு கடற்பறவைகளின் ஒலியோடு தொடங்குகிறது. பிறகு ஆண்களின் பெரும் கோரஸ், அதற்குப் பக்கத்தில் டெனன்டின் ஒல்லியான, துக்கம் தோய்ந்த குரல். சோவியத் யூனியன் உடைந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரத்தில், மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் எடுத்த காட்சிகளோடு வந்த வீடியோ, மேற்கே போவோம் என்ற அழைப்புக்கு இன்னொரு பொருளையும் ஏற்றியது. பழைய பாட்டின் மகிழ்ச்சியை அவர்கள் கேலி செய்யவில்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டு, அது நிறைவேறவில்லை என்பதையும் உடன் பாடினார்கள். இன்று ஐரோப்பாவின் கால்பந்து மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் சொந்தச் சொற்களைப் போட்டு இந்த மெட்டைக் கத்துகிறார்கள். பிரிட்டன் பட்டியலில் அது இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது; என் கணக்கில் சிந்த்பாப் மறுபாடல்களில் முதலிடம் அதற்குத்தான்.