ஒரு லட்சம் லூமனும் பாம்பன் உப்புக் காற்றும்

வீட்டுக் கூடத்தில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு 900 லூமன் போலத் தரும். இமாலென்ட் எம்எஸ்18 டார்ச்சுக்குச் சொல்லப்படும் கணக்கு 1,00,000 லூமன். நூற்றுப் பத்து பல்புகளை ஒரே கைப்பிடியில் கட்டி ஏற்றிய மாதிரி. தொண்டிப் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கும் நண்பர் இரவுக் காவலுக்காக இதை வரவழைத்தார். பண்ணைக்குப் போகும் முன் கொஞ்ச நாள் என் கையில் இருந்தது. பாம்பன், தங்கச்சிமடம் கரைகளில் வைத்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கடற்கரையில் கேள்வியே வேறு: உப்பைத் தாங்குமா, ஈரக்கையில் நிற்குமா?

முதலில் கை. பேட்டரியோடு எடை 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நீளம் 27 செ.மீ. அளவு, தலையின் அகலம் 13 செ.மீ. கிட்ட. எடை அதிகம் என்பதைவிட, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் சிக்கல். 18 எல்இடிகள், சூட்டை இழுக்கும் உலோகம், விசிறிகள் எல்லாம் தலைக்குள் இருக்கின்றன. கைப்பிடிக்குள் 8 லித்தியம் செல்கள் இருந்தும் தராசு முன்பக்கம்தான் சாய்கிறது. நீட்டிப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு கெஞ்ச ஆரம்பிக்கும். தோள்பட்டையில் மாட்டி இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டால் சௌகரியம். கைப்பிடியும் பருமன், சிறிய கை உள்ளவர்களுக்கு விரல்கள் முழுதாகச் சுற்றி வராது.

வலை பிரித்துக்கொண்டிருந்த பாம்பன் பெரியவர் ஒருவர் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது லைட்டா நங்கூரமா? ஒரு கையில இதப் பிடிச்சா வத்தையில மறு கை போதுமா?" என்றார். டார்ச் விமர்சனங்களில் நான் படித்தவற்றில் இதைவிடக் கூர்மையான வரி இல்லை. நாட்டுப் படகில் ஒரு கை எப்போதும் படகுக்குத்தான். அதனால்தான் இங்கே பலரும் தலையில் மாட்டும் லைட்டுக்கு மாறிவிட்டார்கள்.

இனி உடம்பு. அலுமினியக் கடைசல் வேலை சுத்தம். விளிம்புகள் கையைக் கீறவில்லை, மரைகள் தடங்கலின்றி ஓடுகின்றன, கறுப்புப் பூச்சு ஒரே சீர். வெப்பநிலையையும் வெளிச்ச அளவையும் காட்டும் சின்னத் திரை உண்மையிலேயே பயன்படுகிறது. ஆனால் அனோடைசிங் எனப்படும் அந்தப் பூச்சு கீறல் விழாதவரைதான் கவசம். எங்காவது சில்லு பெயர்ந்து உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்துக் குழி விழும். அதை ஒட்டி எஃகுத் திருகு ஏதும் இருந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும், ஏனென்றால் இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்புநீர் பேட்டரி வேலை பார்க்கும். பழைய எவரெடி பித்தளை டார்ச் களிம்பு பிடித்தால் புளி போட்டுத் தேய்த்து மீட்கலாம். குழி விழுந்த அலுமினியத்துக்குப் புளி உதவாது.

எனக்கு நெருடுவது கழுத்தில் உள்ள காற்றுத் துளைகள். விசிறி சூட்டை வெளியேற்ற அவை தேவை. கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கரையில் பறக்கும் மணலும் உப்புத் தூவலும் உள்ளே போகவும் அதே துளைகள்தான் வழி. இது மழைக்குத் தாங்கும் பொருள், மூழ்கடிக்கும் பொருள் அல்ல. கரையில் பயன்படுத்தினால் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் அன்றன்றே துடைக்க வேண்டும். மரையில் மணல் இருக்கும்போது மூடியைத் திருகவே கூடாது. முதலில் ரப்பர் வளையம் போகும், பிறகு மரை போகும்.

வெளிச்சம் எட்டும் தூரம் 1,350 மீட்டர் என்கிறார்கள். அமெரிக்காவின் எஃப்எல்1 தர அளவுப்படி இது 0.25 லக்ஸ் வெளிச்சம் விழும் தூரம். ஏறக்குறைய நிலா வெளிச்சம். அங்கே ஆள் நிற்பது தெரியலாம், யார் என்று தெரியாது. பாதித் தூரத்தில் வெளிச்சம் நான்கு மடங்கு. 2 கி.மீ.க்கு மேல் நீளும் பாம்பன் பாலத்தின் மறுமுனையைத் தொடலாம் என்று நினைத்து வாங்க வேண்டாம். ஏஸ்பீம் டபிள்யூ30 என்ற லேசர் வகை டார்ச் வெறும் 500 லூமன்தான். அது எட்டும் தூரம் 2,408 மீட்டர். லூமன் என்பது மொத்த வெளிச்சம், தூரத்தைத் தீர்மானிப்பது அது எவ்வளவு குவிகிறது என்பது. எம்எஸ்18 குவிப்பதில்லை, பரப்புகிறது. காற்றில் உப்புத் தூவல் நிற்கும் இரவில் முழு வேகத்தில் போட்டால் கண்முன் வெள்ளைச் சுவர் எழும்புகிறது. நடுத்தர அளவுக்கு இறக்கினால்தான் கடல் தெரிகிறது!

அந்த முழு ஒரு லட்சமும் சிறிது நேரத்துக்குத்தான். சூடு ஏறியதும் டார்ச் தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறி இரைச்சல் மட்டும் தொடரும். கண்ணாடிக்கு நேரே கை வைத்தால் சுடும். எரியும்போது காய்ந்த ஓலை மேலோ நைலான் வலை மேலோ குப்புற வைத்தால் தீப்பிடிக்கவும் வலை உருகவும் வாய்ப்புண்டு. பையில் போடும்போது பூட்டிவிட்டுப் போடுங்கள்.

சட்டம் ஒன்றையும் நினைவில் வையுங்கள். எல்இடி வெளிச்சம் காட்டி மீன் பிடிப்பதை மத்திய அரசு 2017-ல் தடை செய்திருக்கிறது. எல்லைக் கடல் இது; கடலோரக் காவல் படையும் கடற்படையும் ரோந்து வரும் இடத்தில் கடலைப் பார்த்து விளையாட்டாக அடிப்பது வம்பு. தனுஷ்கோடி மணலில் பங்குனி ஆமை முட்டையிடும் காலத்தில் இதை வெளியே எடுக்கவே வேண்டாம். தாய் ஆமை மிரண்டு திரும்பும், குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி நகரும்.

பண்ணைக் காவல், வெள்ளக் காலத் தேடல், உப்பள வரப்பு என்று கால் தரையில் ஊன்றி நிற்கும் வேலைகளுக்கு இது வாங்கத் தகுந்த பொருள். படகுக்கு வேண்டாம். அங்கே தலையில் மாட்டும் லைட் ஒன்றும், தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் ஐபி68 தரத்தில், குவித்து அடிக்கும் சிறிய டார்ச் ஒன்றும் வாங்கினாலே போதும். இரண்டும் சேர்ந்தும் இதன் விலையில் சிறு பங்குதான் வரும்.