மேற்கோள் எண்ணிக்கையும் தமிழாய்வின் மதிப்பீடும்

ஓர் ஆய்வாளரைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர், அவர் எவரெவருடன் இணைந்து எழுதினார் என்பவற்றைக் கொண்டு அவரது தாக்கத்தை அளக்கும் முறை அறிவியற்புலங்களில் தோன்றியது. இன்று அது மொழிப்புலங்களையும் வந்தடைந்துள்ளது. பணியமர்த்தம், பதவி உயர்வு, நிதிநல்கை ஆகியவற்றில் எண்கள் இடம்பெறுவதால் இளம் ஆய்வாளர் எத்தகைய பணியைத் தேர்வர் என்பதையும் அவை தீர்மானிக்கின்றன. இவ்வளவைகள் தமிழாய்வில் எவற்றைக் காட்டுகின்றன, எவற்றை விடுகின்றன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

அளவைகளின் தோற்றம்

நூலகப் பணிகளைப் புள்ளியியல் கொண்டு ஆராயவேண்டும் என்ற கருத்தை 1948ஆம் ஆண்டு 'லிப்ரமெட்ரி' என்னும் பெயரால் முன்வைத்தவர் சீர்காழியிற் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் ஆவார். யூஜின் கார்ஃபீல்டு மேற்கோள் அடைவு பற்றிய கருத்தை 1955இல் வெளியிட்டார். அவரது அறிவியல் மேற்கோள் அடைவு 1964இல் வெளிவந்தது. ஒரு கட்டுரை பின்னர் எவரால் பயன்படுத்தப்பெற்றது, எவரால் மறுக்கப்பெற்றது என்பதை ஆய்வாளர் தேடிக் கண்டறிய உதவுவதே அவரது தொடக்க நோக்கமாகும். தேடற்கருவியாகப் பிறந்த அடைவு நாளடைவில் தரம் அளக்கும் கோலாயிற்று. இணைந்தெழுதும் அறிவியலாளரின் வலைப்பின்னல்களை மார்க் நியூமன் 2001இல் ஆராய்ந்தார். ஹிர்ஷ் 2005இல் எச்-சுட்டெண்ணை வகுத்தார். ஒருவருடைய வெளியீடுகளுள் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறையேனும் மேற்கோள் காட்டப்பெற்றிருப்பின் அவரது எச்-சுட்டெண் பத்து ஆகும்.

எண் காட்டாதவை

எச்-சுட்டெண் ஒருவருடைய வெளியீடுகளின் எண்ணிக்கையை ஒருபோதும் விஞ்சாது. வாழ்நாள் முழுவதும் உழைத்து மூன்று நூல்களைச் செம்மையாகப் பதிப்பித்த ஒருவருக்கு, அவற்றை ஆயிரம் பேர் எடுத்தாண்டாலும் மூன்றே கிடைக்கும். சுவடி தேடுதல், பாடம் ஒப்பிடுதல், அடைவு தொகுத்தல் ஆகிய நெடும்பணிகளின் இயல்புக்கு இவ்வளவை முற்றிலும் பொருந்தவில்லை.

மேலும், பதிப்பு பயன்படும் அளவுக்கு அதன் பதிப்பாசிரியர் மேற்கோளில் தோன்றுவதில்லை. புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்தார். இன்று ஆய்வேடுகளில் நூற்பெயரும் பாடல் எண்ணுமே பெரும்பாலும் குறிக்கப்பெறுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டிப் பொருள் துணிவோர் பலர். அதனை அடிக்குறிப்பில் சுட்டுவோர் சிலரே. எல்லார்க்கும் பொதுவாகிவிட்ட உழைப்பு எண்ணிக்கையிலிருந்து மறைந்துவிடுகிறது.

மேற்கோளின் நோக்கத்தையும் எண் காட்டாது. ச. வையாபுரிப்பிள்ளையின் காலக்கணிப்புகளை ஏற்று எழுதியோரும் உண்டு. மறுத்தற்கென்றே எடுத்துக்காட்டியோரும் உண்டு. எண்ணிக்கையில் இருவகையும் ஒன்றே. இயற்பியற் கட்டுரைகளை ஆராய்ந்த மொராவ்சிக், முருகேசன் ஆகியோர் 1975இல் வெளியிட்ட ஆய்வு, மேற்கோள்களுள் 41 விழுக்காடு கடமைக்காகச் சுட்டப்பெற்றவை என்றும் 14 விழுக்காடு மறுப்பாக அமைந்தவை என்றும் கண்டது. மேற்கோள் மரபு இறுக்கமாக உள்ள இயற்பியலிலேயே நிலை இதுவெனில், கருத்துமாறுபாட்டையே உயிராகக் கொண்ட இலக்கிய ஆய்வில் வெற்றெண்ணிக்கையின் பொருள் இன்னும் ஐயத்துக்குரியதாகும்.

மேற்கோளின் மதிப்பு அதன் தொகையில் இல்லை என்பதைத் தமிழ் உரைமரபு முன்னரே உணர்த்தியுள்ளது. 'தகடூர் யாத்திரை' முழுமையாகக் கிடைக்கவில்லை. உரைகளிலும் தொகைநூலிலும் எடுத்தாளப்பெற்ற பாடல்களே அதனை நமக்குக் காட்டுகின்றன. அங்கே ஒரே ஒரு மேற்கோளும் ஒரு பாடலின் வாழ்வாகிறது.

கூட்டாய்வு வலைப்பின்னல்

இணையாசிரியர் பெயர்களை இணைத்து வரையப்பெறும் வலைப்பின்னலில் தமிழறிஞர் பலர் தனித்த புள்ளிகளாகவே நிற்பர். ஆயினும் அவர்கள் தனித்து உழைத்தவர் அல்லர். சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கச் சாமிநாதையரைத் தூண்டியவர் சேலம் இராமசுவாமி முதலியார். சமணக் கருத்துகளை விளக்கியோர் கும்பகோணத்துச் சமணர். 1887இல் வெளிவந்த அப்பதிப்பில் இவர்கள் இணையாசிரியர் அல்லர். சுவடி தந்தோர், படியெடுத்தோர், மெய்ப்புப் பார்த்தோர் ஆகியோரின் பெயர்கள் நம் நூல்களின் முகவுரைகளில் உள்ளன. தமிழாய்வின் உண்மையான வலைப்பின்னல் முகவுரைகளிலேயே எழுதப்பெற்றிருக்கிறது. தரவுத்தளம் எதுவும் அதனைப் படிப்பதில்லை.

தலைப்பெழுத்தும் இடர் தருகிறது. குடும்பப்பெயர் இல்லாத தமிழ்ப்பெயரை உரோமன் எழுத்தில் பலவாறு எழுதுவதால், ஒருவரே தரவுத்தளத்தில் பலராகச் சிதறுவதும் பலர் ஒருவராக இணைவதும் நேர்கின்றன.

விதிமுறையும் விளைவும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறை மொழிப்புலங்களில் ஓர் ஆய்வுக்கட்டுரைக்கு 10 மதிப்பெண் வகுத்தது. தேசியப் பதிப்பகம் வெளியிடும் நூலை எழுதியவருக்கும் 10. அத்தகைய நூலின் பதிப்பாசிரியருக்கு 8. சுவடிப்பதிப்பு தனி இனமாக அங்கே சுட்டப்பெறவில்லை. பத்தாண்டுப் பதிப்புப்பணியைவிடச் சில வாரக் கட்டுரை ஆதாயம் தருமாயின், அறிவுடைய இளைஞர் எதனைத் தேர்வர் என்பது வெளிப்படை. அச்சேறாச் சுவடிகளோ அவருக்காகக் காத்திருப்பதில்லை, செல்லரித்து அழிகின்றன.

எனினும் எண்களை முற்றாக ஒதுக்குதல் தீர்வாகாது. எண்ணில்லாத இடத்தில் பரிந்துரையும் செல்வாக்கும் அமர்ந்துகொள்ளும். பெயர் அறியப்படாத கல்லூரியிலிருந்து எழுதும் ஒருவருக்கு மேற்கோள் அடைவே சான்றாக நிற்கவும் கூடும். ஆகவே அளவையைத் திருத்துவதே வேண்டப்படுவது.

முடிவுரை

ஆய்விதழின் தாக்கக் காரணியைக் கொண்டு தனி ஆய்வாளரை மதிப்பிடலாகாது என 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ அறிவிப்பு வற்புறுத்தியது. வட்டாரத் தொடர்புடைய ஆய்வின் சிறப்பைக் காக்கவேண்டும் என்பது 2015இல் வெளிவந்த லைடன் அறிக்கையின் நெறிகளுள் ஒன்று. இவற்றின் வழியில் தமிழ்த்துறைகள் மூன்று பணிகளை மேற்கொள்ளலாம். நூல்களையும் பதிப்புகளையும் உள்ளடக்கிய தமிழ் மேற்கோள் அடைவு ஒன்றை உருவாக்குதல் முதலாவது. அதில் ஏற்பு, மறுப்பு, வெறுஞ்சுட்டு என மேற்கோளை வகைப்படுத்தல் இரண்டாவது. பயன்படுத்திய பதிப்பையும் பதிப்பாசிரியரையும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும் தவறாது குறித்தல் மூன்றாவது. மூன்றாவது பணிக்கு நிதியோ ஆணையோ தேவையில்லை. அடுத்து எழுதப்பெறும் அடிக்குறிப்பிலேயே அதனைத் தொடங்கலாம்.