பேயும் வழக்கும்: ‘முனி’, ‘காஞ்சனா’ வரிசைப் படங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஒரே கதை நான்கு முறை மீளச் சொல்லப்பட்டு, மக்களும் அதனைச் சலியாது பார்த்து வந்துள்ளனராயின், அக்கதையிலே அவர்களுக்கு வேண்டிய ஏதோவொன்று இருத்தல் வேண்டும். ராகவா லோரன்ஸ் நெறிப்படுத்தி நடித்த ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011), ‘காஞ்சனா 2’ (2015), ‘காஞ்சனா 3’ (2019) ஆகிய படங்களை மலிவான பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல் எளிது. அவற்றுள் எது எதனால் மேம்பட்டது, எது எவ்விடத்திலே தளர்ந்தது என ஒப்பிட்டு நோக்குவதே திறனாய்வாளன் கடமையாகும்.

முதலில் அமைப்பினைக் கருதுவோம். அமெரிக்காவிலே ‘ஹலோவீன்’ (1978), ‘ஃபிரைடே த தேர்ட்டீந்த்’ (1980) முதலியவற்றிலிருந்து கிளைத்த கொலைப்பட வரிசைகளிற் கொலையாளி நிலையானவன். பலியாவோரே படத்துக்குப் படம் மாறுவர். பின்னைய வரிசையின் முதற்படத்திற் கொலை செய்பவள் ஒரு தாய். காப்பாளரின் கவனயீனத்தால் நீரில் மூழ்கிய மகனுக்காகப் பழிவாங்குகிறாள். ஆனால் அவள் கையால் மடிவோர் அக்குற்றம் புரிந்தவரல்லர். இரண்டாம் படத்திலிருந்து (1981) மகனே கொலையாளியாகிறான். மூன்றாம் படத்தில் (1982) அவன் முகமூடி அணிகிறான். காலப்போக்கில் முறைப்பாடு மறைய, முகமூடி மட்டுமே எஞ்சுகிறது.

தமிழ் வரிசையின் அமைப்போ இதற்கு நேர்மாறானது. இங்கு நிலையாயிருப்பது கொலையாளியன்று. ஆவி ஏறும் உடலே. இருட்டினால் தாயின் இடுப்பில் ஏறிக்கொள்ளும் கோழையான இளைஞனின் உடலிற் படந்தோறும் புதியதோர் ஆவி புகுகிறது. அவ்வாவி குற்றவாளிகளையே தேடிச் செல்கிறது. எனவே ஒவ்வொரு படமும் ஒரு புதிய முறைப்பாட்டினை முன்வைக்கக் கடமைப்பட்டுள்ளது. இவ்வரிசையின் வலிமையும் சோதனையும் இதுவே.

‘முனி’யில் வரும் முனியாண்டி அரசியல்வாதி ஒருவனை நம்பிக் கெட்ட எளிய மனிதன். ராஜ்கிரணின் கனத்த இருப்பு அப்பாத்திரத்துக்கு உயிரூட்டுகிறதெனினும், நகைச்சுவையும் துயரமும் அப்படத்தில் ஒட்டாமலே நிற்கின்றன. ‘காஞ்சனா’ இக்குறையை வென்றது. சரத்குமார் ஏற்ற காஞ்சனா ஒரு திருநங்கை. மருத்துவமனை அமைக்க வாங்கிய நிலத்தைப் பறிகொடுத்து, உயிரையும் இழந்தவள். நாயகன் பெண்ணின் நடையில் நடக்கும்போது முற்பகுதியிற் சிரித்த பார்வையாளர், காஞ்சனாவின் கதை விரிந்தபின் அதே நடையைக் கண்டு வாயடைத்துப் போகின்றனர். தன் சிரிப்பை எண்ணித் தானே நாணும்படி பார்வையாளனைச் செய்தமை இப்படத்தின் தலையாய சாதனை எனலாம்.

‘காஞ்சனா 2’ நல்ல முரணொன்றுடனேயே தொடங்குகிறது. போலிப் பேய் நிகழ்ச்சி தயாரிக்கப் புறப்பட்ட தொலைக்காட்சிக் குழுவினர் மெய்யான பேயை எதிர்கொள்கின்றனர். நித்யா மேனனின் கங்கா மனத்தில் நிற்கும் பாத்திரம். ஆயினும் அடிப்படையானதொரு மாற்றம் இங்கே நிகழ்ந்துவிடுகிறது. முன்னைய இரு படங்களிலும் ஆவியின் முற்பிறப்பு வாழ்வை வேறு நடிகர் ஏற்றனர். இப்படத்தில் மொட்டை சிவாவாகவும் அடுத்த படத்திற் காளியாகவும் வருபவர் லோரன்ஸே. பிறனொருவனின் துயருக்குத் தன்னுடலில் இடங்கொடுப்பதே ஆவேசத்தின் பொருள். நாயகன் தன்னையே தன்னில் ஏற்றிக்கொள்ளும்போது எஞ்சுவது நட்சத்திர வழிபாடே. ‘காஞ்சனா 3’ இவ்வீழ்ச்சியின் நிறைவு.

மட்டக்களப்பாருக்கு ஆவேசம் புதிதன்று. வைகாசியிற் கண்ணகியம்மன் சடங்குகளிலே தெய்வமாடும் ஆடவனின் உடலிற் பெண்தெய்வம் இறங்குவதைக் கண்டு எவரும் நகைப்பதில்லை. அச்சடங்கில் இரு கூறுகள் கருதத்தக்கன. ஒன்று, ‘கண்ணகி வழக்குரை’ படித்தல்: தீ எழுமுன் சொல் எழுகிறது, சிலம்பு சான்றாகிறது. மற்றையது குளிர்த்தி: கொதித்த தெய்வம் தணிவிக்கப்படுகிறது. வழக்கு, தீ, தணிவு என்னும் மூன்றும் சேர்ந்தே நீதி நிறைவுறுகிறது.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்து, நான்கு படங்களுள் ‘காஞ்சனா’வே வழக்கினை அறிந்தது. பகைவன் கோயிலினுள் ஒளிந்துகொள்ள, உட்புக முடியாத ஆவி வாயிலில் நின்று தெய்வத்திடம் முறையிடுகிறது. அது கேட்பது நுழைவுரிமையன்று, தீர்ப்பு. ஆனால் குளிர்த்தி அப்படத்திலும் இல்லை. மருத்துவமனைக் கனவு நிறைவேறிய பின்னரும் ஆவி நாயகனின் உடலை விட்டு நீங்குவதில்லை. தணிந்துவிட்டால் அடுத்த படம் ஏது?

இது திரைக்கலை பற்றிய வினா மாத்திரமன்று. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோருள் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போயினர். போர்க்காலத்தில் இவ்வாறு உறவுகளை இழந்தோர் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்கச் சென்றமையை மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் ஆராய்ந்து எழுதியுள்ளார். அத்தாய்மார் தேடியது பழியன்று, ஒரு விடை. மன்றிற் கிடையாத நீதியை இரண்டரை மணி நேரத்திற் பேயின் கையாற் பெற்றுத்தரும் படம் நமக்கு இனிப்பது ஏன் என்பது இதனால் விளங்கும். அவ்வினிமையே அதன் ஆபத்துமாகும். வழக்கை மறந்து தீயை மட்டும் இரசிக்கப் பழகிய சமூகம், சிலம்பைக் கையிலேந்தி வாயிலில் நிற்பவளை அடையாளங்காணத் தவறிவிடும். ‘காஞ்சனா’ அவளை ஒரு கணமேனும் காட்டியது. பின்வந்தவை காட்டவில்லை. இவ்வரிசையின் உயர்வும் தாழ்வும் அவ்வொரு கணத்தைக் கொண்டே அளக்கப்படல் வேண்டும்.