பத்துக்குப் பத்து எடுத்த ஊறுக்காய்

செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கேட்டு, படிவம் 4க்கு ‘வலிமிகா இடங்கள்’ என்ற இயங்கலைப் பயிற்றியைத் தயாரித்தேன். கற்றல் பேறு, விளக்கம், பத்துக் கேள்வி, விடை எல்லாம் சில நிமிடத்தில் வந்துவிட்டன. நானே செய்தால் ஒரு சனிக்கிழமை முழுசா போயிடும். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

வினைத்தொகையில் வலி மிகாது என்று விளக்கமும் சரியாகவே இருந்தது. ஆனால் ஊறுகாய், சுடுசோறு வரிசையில் ‘தயிர்சோறு’ம் உட்கார்ந்திருந்தது! மாணவர்களே, சோதித்துப் பாருங்கள்: ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று முக்காலத்துக்கும் விரிந்தால்தான் அது வினைத்தொகை. தயிரை எந்தக் காலத்தில் விரிப்பது? அது பெயர்ச்சொல்லாச்சே. தயிர் கலந்த சோறு என்று விரியும் வேற்றுமைத்தொகை அது. தயிர்ச்சோறு என்று வலி மிகும்.

இதைக்கூட ஆசிரியர் கண் பிடித்துவிடும். எனக்குப் பெரிய குறையாகப் பட்டது கேள்விகள்தான். ‘ஊறுகாய்’ கேள்விக்குத் தவறான தெரிவுகள்: ஊறாதகாய், ஊறும்பழம், காய்ஊறு. நம்ம பிள்ளைங்க யார் இப்படி எழுதுறாங்க? அவர்கள் எழுதுவது ‘ஊறுக்காய்’. அது தெரிவிலேயே இல்லை. பத்துக்குப் பத்து எடுத்த மாணவி, மறுநாள் கட்டுரையில் ‘ஊறுக்காய்’ என்றே எழுதி வந்தாள்.

பிறகு விளக்கத்தைத் திருத்தி வைத்துக்கொண்டு, கேள்விகளை அழித்தேன். பயிற்சிப் புத்தகங்களில் நான் சிவப்பு மையால் சுழித்த சொற்களையே தெரிவுகளாகப் போட்டேன். இந்தத் தடவை யாருக்கும் பத்து வரவில்லை.